பாட்டியின் குரலும் பள்ளிக்கூடத்துக் கணினியும்

தயிருக்கு உறை ஊற்ற வைத்திருந்த மோரைப் பூனை கவிழ்த்துவிட்டால் என்ன செய்வீர்கள்? பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "அக்கா, ஒரு கரண்டி மோர் இருக்கா?" என்று கேட்பீர்கள். மறுநாள் காலையில் உங்கள் வீட்டிலும் தயிர் தோய்ந்திருக்கும். லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் வீட்டில் இருந்ததைப் போன்ற ஒன்று இன்னொரு வீட்டிலும் இருந்தது, அதனால் பிழைத்தோம். கணினியில் இருப்பதைக் காப்பாற்றவும் இதைத்தான் செய்யச் சொல்கிறார்கள். 'பேக்அப்' என்றும் 'காப்பு நகல்' என்றும் அதற்குப் பெயர்.

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் நானே இதில் எப்படி ஏமாந்து போனேன் என்பதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று பல நாளாக எண்ணம். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

எங்கள் தோட்டப் பள்ளி சிறியது. அலுவலக அறையில் ஒரு கணினி. தேர்வுத்தாள்கள், கணக்குகள், விளையாட்டுப் போட்டிப் படங்கள் எல்லாம் அதில்தான். அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. தோட்டத்துப் பெரியவர்களைப் பேச வைத்து, அவர்கள் குரலை மாணவர்களோடு சேர்ந்து நான் பதிவு செய்து வந்தேன். 2023ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு பாட்டி நாற்பது நிமிடம் பேசினார். விடிவதற்கு முன் எழுந்து, கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடியது, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் மரம் வெட்டியது, மழை வந்தால் அன்றைய பால் போச்சே என்று மரத்தடியில் நின்று அழுதது என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். அவருடைய பேத்தி அப்போது என் வகுப்பில் ஐந்தாம் ஆண்டு. செப்டம்பரில் பாட்டி காலமாகிவிட்டார்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில், ஒரு திங்கட்கிழமை காலை, கணினியைத் திறந்தேன். 'டிக்... டிக்... டிக்...' என்று சுவர்க்கடிகாரம் போல ஒரு சத்தம். திரையில் கறுப்புதான். அணைத்துவிட்டு மறுபடி திறந்தேன். மறுபடியும் அதே சத்தம்.

அந்தச் சத்தம் என்ன என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். கணினிக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் கண்ணாடி போல வழவழப்பான வட்டத் தட்டுகள் இருக்கின்றன. நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை அவை சுழலும். தட்டின்மேல் ஒரு சிறு முனை, கிராமபோன் ஊசியைப் போல, ஆனால் தட்டைத் தொடாமலே மிதந்து, காந்த எழுத்தை எழுதவும் படிக்கவும் செய்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி நம் தலைமுடியின் பருமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அந்த முனை பழுதாகிவிட்டால், படிக்க வேண்டிய இடத்தைத் தேடித் தேடித் திரும்பி வரும். அதுதான் அந்த டிக் டிக். அந்த நேரத்தில் செய்யக் கூடாதது, நான் செய்த காரியம்தான்: மறுபடி மறுபடி திறந்து பார்ப்பது. ஒவ்வொரு தடவையும் முனை தட்டைக் கீறக்கூடும். கீறிய இடத்தில் இருந்த எழுத்து போனது போனதுதான். ஐஸ் பெட்டியில் ஓர் இரவு வைத்தால் சரியாகிவிடும் என்று ஒருவர் யோசனை சொன்னார். நல்ல வேளை, அதை நான் கேட்கவில்லை. வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோத்துக்கொண்டு, இருப்பதும் கெட்டுப் போகும்.

ஆனாலும் அன்றைக்கு நான் அவ்வளவாகப் பயப்படவில்லை. அலமாரியில் வெளி டிஸ்க் ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் பள்ளி விடும் நேரத்தில் அதைக் கணினியில் செருகுவேன். விளக்கு மினுக்கும். அணைந்ததும் கழற்றிப் பூட்டி வைப்பேன். நெற்றியில் விபூதி இடுவதைப் போல, தவறாமல் செய்துவந்த கடமை அது.

பட்டணத்தில் கணினிக் கடை வைத்திருக்கும் பிள்ளை என் பழைய மாணவன். பழுதானதைக் கழற்றிவிட்டுப் புது டிஸ்க் ஒன்றை மாட்டினான். இது சுழலும் தட்டே இல்லாத புது வகை. பிறகு, பிள்ளைகள் 'விரலி' என்று சொல்லும் பென்டிரைவ் ஒன்றிலிருந்து விண்டோஸை ஏற்றினான். "டீச்சர், இது வீடு கட்டுகிற மாதிரி. இது போனால் மறுபடி கட்டிக்கொள்ளலாம், எந்தக் கடையிலும் கிடைக்கும். வீட்டுக்குள்ளே இருந்த சாமான்தான் கடையில் கிடைக்காது" என்றான். மாணவனிடம் பாடம் கேட்பதிலும் ஒரு சுகம் இருக்கிறது.

வெளி டிஸ்க்கை எடுத்து நீட்டினேன். அவன் உடனே செருகிவிடவில்லை. "இப்போது உலகத்தில் உங்களுக்கு இருப்பது இந்த ஒரு நகல்தான். முதலில் இதற்கே ஒரு நகல் எடுப்போம். மீட்கிறேன் என்று கைதவறி இதையும் அழித்துவிட்டால் யாரிடம் போவது?" என்றான். அதற்கே மத்தியானமாகிவிட்டது. அப்புறம்தான் புது டிஸ்க்குக்கு ஒவ்வொன்றாக மாற்றினான்.

பெயர்ப் பட்டியலைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி. அவனோ, "பெயரைப் பார்த்தால் போதாது, திறந்து பாருங்கள்" என்றான். திறந்தேன். பிப்ரவரி இருந்தது, மார்ச் இருந்தது, மே இருந்தது. ஜூன் முதல் வாரத்தோடு நின்றுவிட்டது. ஜூலை என்று ஒரு மாதமே அதில் இல்லை!

நடந்தது இதுதான். வெளி டிஸ்க் ஜூன் மாதமே நிரம்பிவிட்டது. இடம் போதவில்லை என்று திரையின் மூலையில் ஒரு சின்னஞ்சிறு செய்தி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்திருக்கிறது. நான் பார்த்தது விளக்கை மட்டும்தான். நான்கு மாதத்துக்கு மேல் காலி வாளியைச் சுமந்துகொண்டு போய் பால் ஸ்டோரில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இப்படி ஏமாந்தவள் நான் ஒருத்திதானா என்று பிறகு தேடிப் பார்த்தேன். இல்லை. உங்கள் பிள்ளைகள் பார்த்திருப்பார்களே, 'டாய் ஸ்டோரி 2' என்ற பொம்மைப் படம்? 1998ஆம் ஆண்டு, பிக்சார் நிறுவனத்தில் அந்தப் படம் தயாராகிக்கொண்டிருந்தபோது, யாரோ தவறான கட்டளை ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். திரையில் ஒரு பொம்மையின் தொப்பி மறைந்தது, காலணி மறைந்தது, பிறகு பொம்மையே மறைந்தது. ஏறக்குறைய முழுப் படமும் அழிந்துவிட்டது. காப்பு நகலை எடுத்துப் பார்த்தால், அது சில வாரங்களாகவே சரியாகப் பதிவாகவில்லை. யாரும் திறந்து பார்க்காததால் யாருக்கும் தெரியவில்லை.

படத்தைக் காப்பாற்றியவர் கேலின் சூஸ்மன் என்ற பெண்மணி. அவருக்கு அப்போது கைக்குழந்தை. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதற்காகப் படத்தின் நகல் ஒன்றை வீட்டுக் கணினியில் வைத்திருந்தார். ஓடிப் போய், அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றி, பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதைப் போலக் காரில் பத்திரமாகக் கொண்டுவந்தார்களாம். படம் 1999ஆம் ஆண்டு வெளிவந்தது. (பிற்பாடு கதையையே பெரும்பாலும் மாற்றி எழுதினார்கள் என்பது வேறு விஷயம்.) 2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் தேதி, மென்பொருள் எழுதுவோருக்கு இடமளிக்கும் கிட்லேப் என்ற நிறுவனத்திலும் இப்படித்தான் ஆயிற்று. ஊழியர் ஒருவர் தவறுதலாக அழித்துவிட்டார். காப்பு முறைகள் ஐந்து வைத்திருந்தார்கள். நம்பும்படியாக ஒன்றுகூட வேலை செய்யவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரியத்துக்காக எடுத்த ஒரு நகல்தான் கைகொடுத்தது. அந்த ஆறு மணி நேரத்து வேலை திரும்பவில்லை.

கேலின் சூஸ்மன் கதையைப் படித்தபோதுதான் எனக்குப் பளிச்சென்றது. ஆகஸ்டில், பள்ளியின் தேசிய நாள் விழாவுக்காகப் பாட்டியின் பேச்சிலிருந்து பதினேழு நிமிடத்தை வெட்டியெடுத்துப் போட்டோம். அதைக் கேட்டுப் பேத்தியின் தகப்பனார் கண்கலங்கி, "டீச்சர், எனக்கு ஒண்ணு குடுங்க" என்றார். ஒரு விரலியில் போட்டுக் கொடுத்தேன்.

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போனேன். சாமி மாடத்து இழுப்பறையில், விபூதிப் பொட்டலத்துக்கும் பாட்டியின் மூக்குக்கண்ணாடிக்கும் நடுவே அது இருந்தது. பழைய மாணவன் சொன்னது நினைவிருந்ததால், முதலில் அதற்கு ஒரு நகல் எடுத்துவிட்டுத்தான் திறந்தேன். பதினேழு நிமிடமும் இருந்தது. மீதி இருபத்து மூன்று நிமிடம் அந்த டிக் டிக்கோடு போனதுதான். பழுதான டிஸ்க்கைத் தூசி இல்லாத அறையில் பிரித்து மீட்கும் நிபுணர்கள் இருக்கிறார்கள். கிடைக்கும் என்று உறுதி சொல்லமாட்டார்கள். கேட்ட தொகையோ எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு எட்டாதது.

உங்கள் வீட்டில் கணினி இல்லாமலிருக்கலாம், கைப்பேசி இருக்கிறதே. பிள்ளையின் முதல் பிறந்தநாள், தங்கையின் கல்யாணம், இடித்துவிட்ட பழைய லயம் எல்லாம் அதற்குள்தானே இருக்கின்றன? 'அதெல்லாம் கூகுளில் ஏறிவிடும் டீச்சர்' என்கிறார்கள். ஏறியதா என்று பார்த்தீர்களா? இடம் நிரம்பினால் அதுவும் நின்றுவிடும். இன்னொன்றும் உண்டு. கைப்பேசியும் கூகுளும் ஒத்துப்போகும்படி வைத்திருந்தால், இங்கே ஒரு படத்தை அழித்தால் அங்கேயும் அழியும். அது கண்ணாடியில் தெரியும் முகம் மாதிரி. நீங்கள் நகர்ந்தால் அதுவும் நகர்ந்துவிடும். ஆகையால் தனியாக ஒரு நகல், முடிந்தால் வேறொரு வீட்டில், இருக்கட்டும். அக்காள் வீடோ மாமியார் வீடோ, உங்கள் சௌகரியம். கம்பியில் எப்போதும் செருகியே வைத்திருக்க வேண்டாம். பூட்டுப் போட்டுப் பணம் கேட்கும் திருட்டு மென்பொருள் நுழைந்தால், செருகியிருக்கும் நகலையும் சேர்த்தே பூட்டிவிடும்.

இப்போது எங்கள் பள்ளியில் மூன்று இடத்தில் வைக்கிறோம்: கணினியில் ஒன்று, அலமாரியில் ஒன்று, பட்டணத்தில் பழைய மாணவன் கடையில் ஒன்று. பள்ளி விடுமுறை தோறும், ஒதுக்கிப் போட்ட பழைய கணினி ஒன்றில், நகலிலிருந்து எல்லாவற்றையும் மீட்டுப் பார்க்கிறேன். பெயரை மட்டும் பார்ப்பதில்லை. கணக்கைத் திறந்து கூட்டிப் பார்க்கிறேன், படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன், குரலைக் காது கொடுத்துக் கேட்கிறேன். அரை நாள் வேலைதான்.

அப்படி முதல் தடவை செய்தது அந்த டிசம்பரில். பேத்தியும் கூட வந்து உட்கார்ந்திருந்தாள். பாட்டியின் குரல் அறை முழுதும் கேட்டது. கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டாள். முடிந்ததும், "டீச்சர், நடுவுல பாட்டி இருமிட்டுத் தண்ணி கேட்பாங்களே, நான்தானே ஓடிப்போய் எடுத்துட்டு வந்தேன், அது எங்க?" என்றாள்.

அது அந்த இருபத்து மூன்று நிமிடத்தில் இருந்தது.