மலையேற்றத்தில் கியர்பொக்ஸ் ஏன் கொதிக்கிறது?

ருவான்வெல்லையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவரிடம் இருப்பது ஓட்டோ கியர் பூட்டிய பழைய ஜப்பான் வேன். அவிசாவளைப் பக்கம் போனால் சொன்னபடி கேட்கிறதாம். கரவனெல்லைச் சந்தியில் ஹட்டன் வீதிக்குத் திரும்பி, கித்துல்கலை தாண்டி கினிகத்தேனைக்கு ஏறும்போதுதான் கியர் மாறத் தயங்குகிறது, கருகல் வாடையும் வருகிறது. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளோ நடுவிலேயே நிற்கிறது. கியர்பொக்ஸ் சூட்டைக் காட்ட ஒரு மீற்றர் பூட்டலாமா, வாகனத்தின் கணினிச் சொக்கெட்டில் செருகும் புளூடூத் கருவி போதுமா என்று கேட்கிறார்.

இது பலருக்கும் உள்ள கவலை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. புதியது வாங்க முடியாதவர்கள் பழையதைத்தான் காப்பாற்றி ஓட்ட வேண்டும். லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கும் கலியாண வீட்டுக்கும் ஆளேற்றிப் போகும் வேன் நடுவழியில் நின்றால் நட்டம் ஓட்டுநருக்கு மட்டும் இல்லை.

சூடு எங்கே பிறக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். ஓட்டோ கியர் வாகனத்தில் எஞ்சினுக்கும் கியர்களுக்கும் நடுவே டோர்க் கன்வேர்ட்டர் என்ற உருண்டைப் பாத்திரம் இருக்கிறது. அதற்குள் எதிரெதிரே இரண்டு இதழ்ச் சக்கரங்கள். ஒன்றை எஞ்சின் சுழற்றும். அது வீசியடிக்கும் ஒயில் மற்றதைத் தள்ளிச் சுழற்றும். இரண்டையும் நேரடியாகப் பூட்டும் லொக்-அப் கிளச் பிடிக்காத நேரமெல்லாம் ஒயில்தான் இரண்டுக்கும் உறவு.

மோர் கடைவதை நினைத்துக்கொள்ளுங்கள். வழுக்கும் தரையில் பானை. மத்தை ஒரே திசையில் சுழற்றினால் தயிரும் சுழலும், தயிரோடு பானையும் மெல்லச் சுழலத் தொடங்கும். ஆனால் பானை எப்போதும் மத்தைவிடக் கொஞ்சம் பின்தங்கியே சுழலும். அந்தப் பின்தங்கலில்தான் கையின் உழைப்பு தயிரின் சூடாக மாறுகிறது. பானையை யாராவது இறுக்கிப் பிடித்துக்கொண்டால் உழைப்பு முழுவதும் சூடுதான்.

இனித்தான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. பானைச் சுவரில் மோதித் திரும்பும் தயிர் எதிர்த்திசையில் வந்து மத்தைத் தடுக்கும். நடுவே ஓர் அகப்பையை அசையாமல் பிடித்தால், அது தயிரை வளைத்து, மத்து சுழலும் பக்கத்துக்கே திருப்பிவிடும். அப்போது கை கொடுத்ததைவிட அதிகமான முறுக்கு விசை பானைக்குக் கிடைக்கும்! கூடுதல் விசை அகப்பையைப் பிடித்த கையிலிருந்து வருகிறது. அந்தக் கை நகராததால் சக்தி எதையும் சேர்ப்பதில்லை. ஊன்றி நிற்கிறது, அவ்வளவுதான். கன்வேர்ட்டரில் அந்த அகப்பையின் பெயர் ஸ்டேற்றர். நின்ற இடத்திலிருந்து வேன் எழும்பும்போது எஞ்சினின் முறுக்கு விசை ஏறத்தாழ இருமடங்காவது இதனால்தான். பானையின் வேகம் மத்தை நெருங்கியதும் அகப்பை தடையாகிவிடும். அதனால் அது ஒரு திசையில் மட்டும் பூட்டிக்கொண்டு, மறுதிசையில் தானும் சுழலும்படி செய்திருக்கிறார்கள். லொக்-அப் கிளச் பிடிப்பது மத்தையும் பானையையும் சேர்த்துக் கயிற்றால் கட்டுவதற்குச் சமம். வழுக்கலும் போய்விடும், சூடும் போய்விடும்.

ஆனால் லொக்-அப் பிடிக்க வேகம் வேண்டும். கினிகத்தேனை வளைவுகளில் 25 கிலோமீற்றர் வேகத்தில் அது எப்படிப் பிடிக்கும்? கணக்குப் போடுவோம். எஞ்சின் 30 கிலோவாற்று கொடுக்கிறது. கியர் பக்கச் சக்கரம் பாதி வேகத்தில், ஒன்றரை மடங்கு முறுக்கு விசையோடு சுழல்கிறது. அப்படியானால் முக்கால் பங்குதான் கடந்து போகிறது; 7.5 கிலோவாற்று ஒயிலில் தங்குகிறது. 7 லீற்றர் ஒயில் மட்டும் அதைத் தாங்கினால் ஒரே நிமிடத்தில் 35 பாகைக்கு மேல் சூடு ஏறும்.

 

சூடான ஒயில் ரேடியேட்டருக்குப் போய், அதன் தொட்டிக்குள் இருக்கும் சிறு குழாய் வழியே குளிர்ந்து திரும்பும். ரேடியேட்டர் தண்ணீரே 85, 90 பாகையில் இருப்பதால் ஒயில் அதற்குக் கீழே பெரிதாக இறங்காது. கூலன்ட்டுக்குப் பதில் வருடக்கணக்கில் ஓடைத் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டரில் குழாய் அரித்து ஓட்டையானால் தண்ணீரும் ஒயிலும் கலந்து இளஞ்சிவப்புப் பாலாகும். கிளச் தட்டுகளின் பசை அதில் ஊறிக் கழன்றுவிடும். சூட்டைவிட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

ஒயிலின் சூடு 11 பாகை ஏறினால் ஆயுள் பாதியாகும் என்று ஓர் அட்டவணை எங்கும் சுற்றுகிறது. சூடு ஏற ஏற ஒயில் விரைவாகக் கெடும் என்பது உண்மை. ஆனால் எத்தனை ஆயிரம் கிலோமீற்றரில் கெடும் என்று எல்லா ஒயிலுக்கும் ஒரே எண்ணைச் சொல்வதை நம்பாதீர்கள். 'வாழ்நாள் ஒயில், மாற்றவே வேண்டாம்' என்ற பேச்சையும்தான்.

புளூடூத் கருவிக்கு வருவோம். எல்லாக் கம்பனிகளுக்கும் பொதுவான குறியீட்டுப் பட்டியலில் எஞ்சின் தண்ணீரின் சூடு உண்டு. கியர் ஒயிலுக்கு ஒவ்வொரு கம்பனியும் தனிக் குறியீடு வைத்திருக்கிறது. பழைய வேனில் பேசக்கூடிய சொக்கெட்டே இல்லாமல் இருக்கலாம். தனி மீற்றரும் சென்சரும் பூட்டுவதே நல்லது. கன்வேர்ட்டரிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் குழாயில் பூட்டினால் உச்சச் சூடு தெரியும், முள் ஆடிக்கொண்டே இருக்கும். ஒயில் பானில் பூட்டினால் சராசரி தெரியும், கொஞ்சம் தாமதமாக. நான் பானில் பூட்டுவதையே தேர்வேன். கராஜில் அகச்சிவப்புத் துப்பாக்கியால் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: பளபளக்கும் அலுமினியம் உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். ஓரிடத்தில் மங்கலான கறுப்பு வர்ணம் பூசி அங்கே பிடியுங்கள்.

பானில் 80 முதல் 95 பாகை வரை வழமை. ஏற்றத்தில் கொஞ்ச நேரம் 110 போனால் பரவாயில்லை. 120 தாண்டினால் ஓரம்கட்டி, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிடுங்கள். எஞ்சின் நின்றால் ஒயில் ரேடியேட்டருக்குப் போகாது. வரிசையில் நிற்கும்போது மேட்டில் வேனை அக்சிலேற்றரால் பிடித்து நிறுத்தாதீர்கள், பிரேக் எதற்கு இருக்கிறது? அந்த நேரத்தில் பானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மத்தைச் சுழற்றுகிறீர்கள்.

மீற்றர் வாங்கும் முன்பே செய்யக்கூடியது: ஓவர்டிரைவ் பொத்தானை அணைத்து, கியரை 2இல் வையுங்கள். எஞ்சின் சத்தம் கூடும், கியர்பொக்ஸ் சூடு குறையும். சின்னக் கியரில் கன்வேர்ட்டரின் மறுபக்கம் வேகமாகச் சுழல்வதால் வழுக்கல் குறைகிறது. பிறகு டிப்ஸ்டிக்கை இழுத்து வெள்ளைத் துணியில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது. மண்ணிறமாகிக் கருகல் வாடை அடித்தால், மீற்றருக்கு வைத்திருந்த காசை முதலில் ஒயிலுக்குச் செலவழிக்கலாம், கையேட்டில் சொன்ன வகையையே ஊற்றி.