உங்களுக்குத் தெரியுமா? டயருக்குள் தண்ணீர்!
முன்னால் லோடர் பூட்டிய டிராக்டர் பக்கெட் நிறைய மண் தூக்கினால், முன் அச்சே தாங்குபுள்ளியாகிப் பின்பக்கம் மேலெழப் பார்க்கும். பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களில்தான். அவை தரையைக் கவ்வாவிட்டால் வண்டி நிற்காது. அதனால்தான் வால்வை உச்சிக்குத் திருப்பி, பின் டியூபில் முக்கால் பங்கு தண்ணீர் ஏற்றுகிறார்கள், மீதி காற்று. குளிர்நாடுகளில் உறையாதிருக்கக் கால்சியம் குளோரைடு கலப்பார்கள். சென்னைக்கு அது வேண்டாம். ஆனால் எண்ணூர், மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடலுப்பு ஏறியிருக்கிறது. அது கசிந்தால் ரிம் துருப்பிடிக்கும். தயவுசெய்து நல்ல தண்ணீரே ஊற்றுங்கள். பின்னால் மும்முனை இணைப்பில் கான்கிரீட் கட்டை மாட்டுவது இன்னும் நல்லது: பின் அச்சுக்கு அப்பால் தொங்குவதால் முன் அச்சின் சுமையையும் குறைக்கும். டயர் தண்ணீரால் அது முடியாது.