கடனட்டைச் சலுகையும் குடும்பக் கணக்கும்

மாதச் சம்பளம் கைக்கு வந்ததும் பலசரக்குக் கடைக்குச் சென்று, முதலாளியின் கொப்பியில் எழுதப்பட்டிருக்கும் கடந்த மாதக் கணக்கைத் தீர்த்துவிட்டு, அடுத்த மாதத்துக்கான அரிசி, மா, சீனி, பருப்பு ஆகியவற்றை வாங்கி வருவது எமது சமூகங்களில் நீண்டகாலம் நிலவி வந்த வழக்கமாகும். தோட்டப் புறங்களிலும் கிராமங்களிலும் இவ்வழக்கம் இன்றும் முற்றாக மறைந்துவிடவில்லை. அந்தக் கொப்பிக் கடனுக்குப் பொதுவாக வட்டி அறவிடப்படுவதில்லை. கணக்கு அளவுக்கு மீறி ஏறினால் முதலாளியே, "பழைய பாக்கியைக் கொஞ்சம் பாருங்கோ" என்று நினைவூட்டிவிடுவார்.

நகரங்களில் இன்று அந்தக் கொப்பியின் இடத்தைக் கடனட்டை பிடித்துக்கொண்டிருக்கின்றது. கார்கில்ஸ் நிறுவனம் 1983ஆம் ஆண்டில் கொழும்பு ஸ்டேபிள்ஸ் வீதியில் தனது முதலாவது சுப்பர்மார்க்கட்டைத் திறந்தபோது அது வசதி படைத்தோருக்கான இடமாகவே கருதப்பட்டது. ஆனால் யுத்தம் 2009இல் முடிவுற்ற பின்னர் வடக்கு கிழக்கு நகரங்களிலும் இத்தகைய கடைகள் பெருகியுள்ளன. அவற்றுடன் சேர்ந்து வங்கிகளின் விளம்பரங்களும் வந்து சேர்ந்துள்ளன. மரக்கறிக்கு விலைக்கழிவு, மீனுக்கு விலைக்கழிவு, செலவிடும் ஒவ்வொரு நூறு ரூபாவுக்கும் புள்ளிகள், மாத முடிவில் பணம் மீளளிப்பு எனப் பத்திரிகைகளிலும் கைத்தொலைபேசிக் குறுஞ்செய்திகளிலும் நாள்தோறும் அறிவித்தல்கள் வெளியாகின்றன. இவற்றுள் எந்த அட்டை இலாபகரமானது என்ற வினா பல குடும்பங்களில் எழுந்துள்ளது. இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு முன்னர் இச்சலுகைக்கான பணம் எங்கிருந்து வருகின்றது என்பதை அறிந்துகொள்வது அவசியமாகும்.

கடனட்டை மூலம் ஒருவர் பொருள் வாங்கும்போது அதன் முழுப் பெறுமதியும் கடைக்காரருக்குக் கிடைப்பதில்லை. அதில் ஒரு சிறு வீதம் கட்டணமாக வங்கிகளுக்கும் அட்டை வலையமைப்புக்கும் செல்கின்றது. இது வங்கியின் முதலாவது வருமானம். அட்டைக்கான வருடாந்தக் கட்டணம் இரண்டாவது. கணக்குக் கூற்றில் காட்டப்பட்ட தொகையை உரிய திகதிக்குள் முழுமையாகச் செலுத்தாதவர்களிடம் அறவிடப்படும் வட்டியும் தாமதக் கட்டணமும் மூன்றாவது. இவற்றிலிருந்து ஒரு பகுதியே வெகுமதி என்ற பெயரில் வாடிக்கையாளருக்குத் திரும்பி வருகின்றது. சில வேளைகளில் விற்பனையைப் பெருக்க விரும்பும் கடையும் விலைக்கழிவின் ஒரு பங்கைப் பொறுப்பேற்கின்றது. ஆகவே ஒருவர் பெறும் சலுகையின் பின்னால் வேறொருவர் செலுத்திய வட்டியும் இருக்கின்றது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ரொக்கப் பணத்தில் பொருள் வாங்குவோரும் இதிலிருந்து தப்புவதில்லை. கடைக்காரர் தாம் செலுத்தும் கட்டணத்தைப் பொருள்களின் விலையிலே சேர்த்துவிடுவதால் அச்சுமை எல்லோர் மீதும் விழுகின்றது. அமெரிக்காவின் பொஸ்டன் மத்திய ரிசேர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அந்நாட்டில் ரொக்கம் பயன்படுத்தும் குடும்பமொன்று ஆண்டுக்குச் சராசரியாக 149 டொலரை இவ்வகையில் இழக்க, கடனட்டை பயன்படுத்தும் குடும்பமொன்று 1,133 டொலரைப் பெறுகின்றது. எமது நாட்டின் தொகைகள் வேறாக இருக்கலாம். ஆனால் இயங்கும் முறை ஒன்றேயாகும்.

இனி அட்டைகளை ஒப்பிடும் முறையைப் பார்ப்போம். மாதமொன்றுக்கு 50,000 ரூபாவைப் பலசரக்குக்குச் செலவிடும் குடும்பமொன்றை உதாரணமாகக் கொள்வோம். ஓர் அட்டை எல்லாச் செலவுக்கும் ஒரு சதவீதத்தைப் பணமாக மீளளிக்கின்றது என்றால் மாதத்துக்கு 500 ரூபாவும் ஆண்டுக்கு 6,000 ரூபாவும் கிடைக்கும். அதன் வருடாந்தக் கட்டணம் 4,000 ரூபாவாயின் உண்மையில் எஞ்சுவது 2,000 ரூபா மாத்திரமே. வேறோர் அட்டை நூறு ரூபாவுக்கு ஒரு புள்ளி தருகின்றது என வைத்துக்கொள்வோம். ஒரு புள்ளியின் பெறுமதி 25 சதமாயின் ஆண்டு முழுவதும் சேரும் 6,000 புள்ளிகளுக்குக் கிடைப்பது 1,500 ரூபாவாகும். புள்ளிகளின் எண்ணிக்கை பெரிதாகத் தோன்றினாலும் ரூபாவில் அதன் பெறுமதி என்ன, அது எப்போது காலாவதியாகும் என்பவற்றையே நாம் கேட்க வேண்டும்.

மூன்றாவது வகை, குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட கடையில் வழங்கப்படும் விலைக்கழிவாகும். இலங்கையில் பலரையும் கவர்வது இதுவே. சனிக்கிழமைகளில் மரக்கறிக்கு 20 சதவீதக் கழிவு என்றால், 4,000 ரூபாவுக்கு வாங்குபவருக்கு வாரம் 800 ரூபா மிச்சம் என்று தோன்றும். ஆனால் அதே மரக்கறியைத் திருநெல்வேலிச் சந்தையிலோ கல்முனைச் சந்தையிலோ 3,400 ரூபாவுக்கு வாங்கக்கூடியதாக இருந்தால் உண்மையான மிச்சம் 200 ரூபா மாத்திரமே. முச்சக்கரவண்டிக் கூலியைச் சேர்த்தால் அதுவும் எஞ்சாது. எனவே கடை தொங்கவிட்டிருக்கும் விலையுடன் அன்றி, நாம் வழமையாகக் கொடுக்கும் விலையுடனேயே கழிவை ஒப்பிட வேண்டும். ஆகக் குறைந்த கொள்வனவுத் தொகை, ஒரு பற்றுச்சீட்டுக்கான உச்சக் கழிவு, சலுகை முடிவடையும் திகதி ஆகியன சிறிய எழுத்துகளில் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றையும் வாசித்தல் வேண்டும்.

எனினும் இக்கணக்குகள் அனைத்தும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டவை. கணக்குக் கூற்றிலுள்ள முழுத் தொகையும் உரிய திகதிக்குள் செலுத்தப்பட வேண்டும் என்பதே அது. வட்டி வீதம் ஆண்டுக்கு 24 சதவீதம் என எளிமைக்காக வைத்துக்கொண்டால், 50,000 ரூபா நிலுவைக்கு மாத வட்டி 1,000 ரூபாவாகும். அதாவது ஒரு மாத வட்டி, ஒரு சதவீத மீளளிப்பாகக் கிடைத்த இரண்டு மாத வெகுமதியை விழுங்கிவிடுகின்றது. அத்துடன் நிலுவை இருக்கும் வரை புதிய கொள்வனவுகளுக்கான வட்டியில்லாக் காலமும் பொதுவாக இல்லாமற் போய்விடுகின்றது. ஆகக் குறைந்த கொடுப்பனவாக ஐந்து சதவீதத்தை, அதாவது 2,500 ரூபாவைச் செலுத்தி நிம்மதியடைவோர் பலர். அதில் ஏறத்தாழ 1,000 ரூபா வட்டிக்கே சென்றுவிடக் கடன் குறைவது 1,500 ரூபாவால் மாத்திரமே. உண்டு முடித்த அரிசிக்கும் பருப்புக்கும் மாதக்கணக்கில் வட்டி கட்டும் நிலை இவ்வாறே உருவாகின்றது.

வட்டி வீதம் நிலையானதும் அன்று. இலங்கை மத்திய வங்கி 2020 ஆகஸ்டில் கடனட்டை வட்டிக்கு 18 சதவீத உச்சவரம்பை விதித்தது. பொருளாதார நெருக்கடியின்போது 2022 ஏப்ரலில் அவ்வரம்பு நீக்கப்பட்டதும் வட்டி வெகுவாக உயர்ந்தது. பின்னர் 2023 ஆகஸ்டில் 28 சதவீதம் உச்சவரம்பாக நிர்ணயிக்கப்பட்டது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியிருந்தது என்பதும் நினைவுகூரத்தக்கது. குறைந்த வட்டிக் காலத்தில் அட்டையில் நிலுவை வைத்துப் பழகிய குடும்பங்கள், உணவு விலையும் வட்டியும் ஒருசேர ஏறிய அக்காலத்தில் இருபுறமும் நெருக்கப்பட்டன.

மனித மனமும் இங்கு கவனிக்கத்தக்கது. அமெரிக்காவின் பிரெலெக், சிமெஸ்டர் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட பரிசோதனையில், விளையாட்டுப் போட்டியொன்றின் நுழைவுச்சீட்டுக்கு ரொக்கம் செலுத்த வேண்டியவர்களைவிடக் கடனட்டையால் செலுத்தக்கூடியவர்கள் இரு மடங்கு வரையிலான விலையைக் கூற முன்வந்தனர். பணத்தாள் கையைவிட்டுப் போகும்போது எழும் தயக்கம் அட்டையை நீட்டும்போது எழுவதில்லை. பத்து சதவீதக் கழிவுக்காகச் சென்று தேவையற்ற பொருள்களையும் வண்டியில் நிரப்பி வருபவர் உண்மையில் எதனையும் மிச்சப்படுத்தவில்லை.

முஸ்லிம் வாசகர்களுக்கு இவ்விடயத்தில் இன்னுமொரு கேள்வி இருக்கின்றது. சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 2000ஆம் ஆண்டில் ரியாத்தில் நடைபெற்ற தனது அமர்வில், வட்டி விதிக்கும் நிபந்தனை கொண்ட கடனட்டையைப் பெறுவது ஆகுமானதல்ல என்றும், வட்டியில்லாக் காலத்துக்குள் செலுத்திவிடும் எண்ணம் இருப்பினும் அவ்வாறே என்றும் தீர்மானித்தது. இதனைப் பின்பற்ற விரும்புவோருக்கு மாற்றுவழிகள் இல்லாமலில்லை. வங்கிச் சட்டம் 2005இல் திருத்தப்பட்டதன் பின்னர் இஸ்லாமிய வங்கிமுறைக்கு இந்நாட்டில் இடமேற்பட்டது. முழுமையாக அம்முறையில் இயங்கும் அமானா வங்கி 2011இல் செயற்படத் தொடங்கியது. தமது கணக்கில் இருக்கும் பணத்தையே செலவிட உதவும் டெபிட் அட்டைகளுக்கும் வங்கிகள் அவ்வப்போது விலைக்கழிவு வழங்குகின்றன. கீல்ஸின் நெக்சஸ் போன்று கடைகளே வழங்கும் வாடிக்கையாளர் அட்டைகளிலும் கடன் எதுவுமின்றிப் புள்ளிகள் சேர்கின்றன. கடனுக்கு அஞ்சும் எவருக்கும், எம்மதத்தவராயினும், இவ்வழி ஏற்றதாகும்.

ஆகவே அட்டையொன்றைத் தெரிவு செய்ய விரும்புவோர் முதலில் மூன்று மாதப் பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வைத்துத் தமது குடும்பம் எங்கே, எதற்கு, எவ்வளவு செலவிடுகின்றது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சந்தையிலும் அயற்கடையிலும் பெரும்பகுதியைச் செலவிடும் குடும்பத்துக்குச் சுப்பர்மார்க்கட் சலுகை அட்டையால் பெரும் பயனில்லை. ஒரே கடையில் வாரந்தோறும் வாங்குபவருக்கு அக்கடையில் கழிவு தரும் அட்டை பொருந்தும். பல இடங்களிலும் வாங்குபவருக்குக் குறைந்த கட்டணத்தில் எளிய பண மீளளிப்பு வழங்கும் அட்டையே மேலானது. வருடாந்தக் கட்டணத்தை விலக்குமாறு வங்கியிடம் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. முழு நிலுவையும் கணக்கிலிருந்து தானாகவே கழிக்கப்படும் ஒழுங்கைச் செய்துகொள்வது விவேகமானது. கடனட்டையால் ரொக்கம் பெறுவதை அறவே தவிர்க்க வேண்டும். அதற்கு வழமையாக அன்றைய தினமே வட்டி தொடங்கிவிடுகின்றது.

மாத முடிவில் முழுத் தொகையையும் செலுத்த முடியுமா என்பதில் ஐயம் உள்ள குடும்பத்துக்கு நாம் கூறக்கூடியது ஒன்றே. எந்த அட்டையின் எந்தச் சலுகையும் அக்குடும்பத்துக்கு இலாபம் தராது. பழைய கொப்பியில் பாக்கி ஏறியபோது முதலாளி முகம் பார்த்து எச்சரித்தார். அட்டையோ, உச்ச வரம்பு வரும்வரை எதுவும் சொல்வதில்லை. அந்த எச்சரிக்கையை இனி நாமே எமக்குச் செய்துகொள்ள வேண்டியிருக்கின்றது.