கூட்டமாக வாழும் சிறு கெளுத்தி

ஊராட்சி அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் கண்ணாடி மீன் தொட்டி வைக்கும் வழக்கம் நம் கிராமங்களிலும் பரவி வருகின்றது. அலங்கார மீன் வளர்ப்பைத் தொழிலாக மேற்கொண்ட மகளிர் குழுக்களும் உண்டு. இவர்கள் சென்னைக் கொளத்தூரிலிருந்து வாங்கி வரும் மீன்களுள் ‘கோரிடோராஸ்’ என்னும் சிறு கெளுத்தியும் ஒன்றாகும். அதனை எத்தனை சேர்த்து வளர்ப்பது என்பதைப் பற்றியே ஈண்டு எழுதுகின்றேன்.

ஒரு தொடக்கப் பள்ளியைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, தொட்டியில் வண்ண மீன்கள் பல இருக்க, இக்கெளுத்தி ஒன்று மட்டும் கல்லிடுக்கில் ஒடுங்கிக் கிடக்கக் கண்டேன். “தொட்டியின் அழுக்கைத் தின்றுவிடும் என்று சொல்லிக் கொடுத்தார்கள், ஐயா” என்றார் தலைமை ஆசிரியர். மறுமுறை சென்றபோது அம்மீன் இல்லை. பிள்ளைகள் சேர்த்த காசு வீணாயிற்று.

தென் அமெரிக்காவின் அமேசான், ஒரினோகோ முதலிய ஆறுகளைச் சேர்ந்த மணற்பாங்கான ஓடைகளே இதன் தாயகம். அங்கே இது பெருங்கூட்டமாகத் திரிந்து, மீசையால் மணலைத் துழாவி இரை தேடுகின்றது. ஆபத்து நேருங்கால் ஒன்றையொன்று உடலால் தொட்டுக் கூட்டம் கலையாமல் நகருவதும் உண்டு. இத்தகைய மீனைத் தனியே விட்டால் அஞ்சி ஒளிந்துகொள்ளும். இரையும் சரிவர எடாது.

ஆகவே ஆறு மீன்களுக்குக் குறையாமல் வாங்குதல் வேண்டும். அவை ஆறும் ஓரினமாயிருத்தல் முக்கியம். புள்ளி வகையில் இரண்டு, வெண்கல நிறத்தில் இரண்டு, பாண்டா வகையில் இரண்டு என்று அழகுக்காகக் கலந்து வாங்குவோர் பலர். அது ஆறாகாது, மூன்று இரண்டுகளே ஆகும். ஓரங்குல நீளமே வளரும் குள்ள வகையாயின் பத்து வரை விடலாம்.

அடியில் மேயும் மீனாதலால் தொட்டியின் உயரத்தினும் அடிப்பரப்பே கணக்கு. ஏறக்குறைய 75 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள தொட்டி ஆறு மீன்களுக்குப் போதும். கூரிய கல்லை விலக்கி, நன்கு கழுவிய மென்மணலைப் பரப்புக. இம்மீன் அழுக்கைத் தின்று பிழைப்பதன்று. அடியில் அமிழும் இரையை மாலையில் தனியே இடுதல் வேண்டும். இடையிடையே நீர்மட்டத்திற்கு விரைந்து வந்து காற்றை விழுங்கிச் செல்வது அதன் இயல்பே. அடிக்கடி அவ்வாறு செய்யின் நீர் கெட்டிருத்தல் கூடும். ஒரு பகுதி நீரை மாற்றுக. நம் கோடையில் தொட்டியை வெயில் படாத அறையில் வைத்தல் அவசியம்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு மற்றொரு வேண்டுகோள். வளர்க்க இயலாத மீன்களை ஏரியிலோ கிணற்றிலோ விடுவதைத் தடுத்தல் வேண்டும். தொட்டிக்கென வந்த ‘டேங்க் கிளீனர்’ மீன் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலைகளைக் கிழித்து வருகின்றது. வேண்டாத மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். அன்றி, வளர்ப்போர் எவரிடமேனும் ஒப்படைக்கலாம்.