விலையா, கவசமா?

தில்லி கரோல் பாக் கடைகளில், லடாக் பயணத்துக்குத் தயாராகும் இளைஞர்கள் பைக் ஜாக்கெட்டின் பளபளப்பைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது உள்ளே தைத்திருக்கும் சீட்டை. ஈஎன் 17092 என்ற ஐரோப்பியத் தர எண்ணும் 'ஏஏ' அல்லது 'ஏஏஏ' என்ற எழுத்துகளும் இருந்தால், தார்ச்சாலையில் உரசிக்கொண்டு போனாலும் துணி தாக்குப்பிடிக்கும்.

விலை உத்தரவாதமல்ல. ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கியதிலும் முதுகுப் பகுதியில் வெறும் நுரைப்பஞ்சு இருப்பதுண்டு. அசல் கவசத்தைத் தனியே வாங்கிச் செருக வேண்டும். 2011-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், விபத்தில் சிக்கியவர்களின் ஜாக்கெட்டுகளில் ஏறக்குறைய 30 சதவீதம் கிழிந்து கைவிட்டிருந்தன. ஆனாலும் கவச உடை அணிந்தவர்களுக்கே காயம் குறைவு.

தில்லியின் மே மாத வெயிலில் தடித்த தோல் ஜாக்கெட் அலமாரியில்தான் தொங்கும். காற்றுப் புகும் வலைத்துணி ஜாக்கெட்டோ பெரும்பாலும் 'ஏ' தரம்தான். ஆனால், விழும்போது அது உடம்பில் இருக்கும்.