வலி எங்கே போனது? நரம்புத் தடுப்பு ஊசியின் அறிவியல்

சென்ற ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். விழும்போது கையை ஊன்றியதால் வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. எலும்பை நேராக்கி, உலோகத் தகடு பொருத்த வேண்டும் என்றார்கள். அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் மயக்கவியல் மருத்துவர் வந்து, அம்மாவை முழுமையாக மயக்கப் போவதில்லை என்றும், கைக்குச் செல்லும் நரம்புகளுக்கு மட்டும் மருந்து கொடுக்கப் போவதாகவும் விளக்கினார்.

மருத்துவர் போனதும் அம்மா என் பக்கம் திரும்பினார். "நரம்புல ஊசி போட்டா கை வெளங்காமப் போயிடாதா? நான் முழிச்சிக்கிட்டு இருக்கும்போதே வெட்டுவாங்களா?"

பள்ளி திறந்ததும் இதை என் படிவம் 4 மாணவர்களிடம் சொன்னேன். அவர்களும் அதே இரண்டு கேள்விகளைத்தான் கேட்டார்கள். உங்கள் வீட்டிலும் தாத்தாவுக்கோ அப்பாவுக்கோ, காற்பந்துத் திடலில் விழுந்த உங்களுக்கோ, ஒரு நாள் இந்த ஊசி தேவைப்படலாம். அதனால் இந்த வாரம் அதைப் பற்றிப் பார்ப்போம்.

எந்த நரம்பு?

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இரத்தம் எடுக்கும்போது "நரம்பே கிடைக்கவில்லை" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் சொல்வது நரம்பு அல்ல. அது சிரை எனப்படும் இரத்தக் குழாய். தோலுக்கு அடியில் பச்சையாகத் தெரிவதும் சிரைதான். உண்மையான நரம்பு வெண்மையான கயிறு போன்றது. அதில் இரத்தம் ஓடுவதில்லை, மின்குறிப்புகள் ஓடுகின்றன.

நம் கைக்கு உணர்வும் அசைவும் தரும் நரம்புகள் கழுத்துப் பகுதியில் முதுகுத்தண்டிலிருந்து ஐந்து வேர்களாகப் புறப்படுகின்றன. அவை ஒன்றோடொன்று பின்னி, காறை எலும்பின் கீழே புகுந்து, அக்குள் வழியாகக் கைக்குள் இறங்குகின்றன. அடிபட்டது மணிக்கட்டில் என்றாலும் ஊசியைக் காறை எலும்பின் அருகிலோ அக்குளிலோ போடுவது இதனால்தான்.

பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்கு இது புதிதல்ல. கீழ்த்தாடையின் உள்பக்கம் ஒரு ஊசி போட்டால், ஊசி படாத கீழ் உதடும் மரத்துப்போகும். அதுவும் ஒரு நரம்புத் தடுப்பு ஊசியே.

வலி ஒரு செய்தி

கால் கட்டை விரலை மேசைக் காலில் இடித்துக்கொண்டால் முதலில் 'சுரீர்' என்று ஒரு வலி வரும். ஓரிரு நொடி கழித்து வேறு மாதிரியான வலி மெல்லப் பரவும். இரண்டும் வெவ்வேறு நரம்பிழைகளில் வருகின்றன. மையலின் உறை கொண்ட மெல்லிய இழைகள் செய்தியை நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் கொண்டுபோகும். உறையில்லாத இழைகளின் வேகமோ நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டருக்கும் குறைவு. செய்தி மூளையை அடைந்த பிறகுதான் நாம் "ஆ!" என்கிறோம். அடிபடுவது விரல்; வலியை உணர்வது மூளை.

இந்தச் செய்தி எப்படிப் பயணம் செய்கிறது? நரம்பிழையின் சவ்வில் சோடியம் அயனிகளுக்கென்று மிக நுண்ணிய வாயில்கள் உள்ளன. செய்தி வந்ததும் வாயில் திறக்கும். வெளியே காத்திருக்கும் சோடியம் அயனிகள் உள்ளே பாயும். அதனால் ஏற்படும் மின்னழுத்த மாற்றம் பக்கத்து வாயிலையும் திறக்கும். இப்படி வாயிலுக்கு வாயில் கைமாறிச் செய்தி மேலே போகிறது.

மரத்துப்போகச் செய்யும் மருந்தின் மூலக்கூறு சவ்வைக் கடந்து இழைக்குள் நுழைந்து, உள்பக்கத்திலிருந்து அந்தச் சோடியம் வாயிலில் போய் ஒட்டிக்கொள்கிறது. சோடியம் உள்ளே வர முடியாது. செய்தி அங்கேயே நின்றுவிடும். காயம் இருக்கிறது. காயத்தைப் பற்றிய தகவல் மட்டும் மூளைக்கு வருவதில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் இது தேவைப்படும்.

இதில் வேதியியலும் உண்டு. மின்சுமை இல்லாத மூலக்கூறுகளே சவ்வை எளிதில் கடக்கும். சீழ் பிடித்த இடம் அமிலத்தன்மை கொண்டது. அங்கே மருந்தின் பெரும்பகுதி மின்சுமை ஏற்றுக்கொள்வதால் உள்ளே நுழையத் தடுமாறுகிறது. ஈறு வீங்கிச் சீழ் வைத்திருக்கும்போது பல் மருத்துவரின் ஊசி சரியாக வேலை செய்யாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

இலையில் தொடங்கிய கதை

இந்த மருந்துகளுக்கு வழிகாட்டியது தென் அமெரிக்காவின் கோக்கா இலை. 1884இல் வியன்னாவைச் சேர்ந்த கார்ல் கோலர் என்ற இளம் மருத்துவர், அந்த இலையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கொக்கேய்னைக் கண்ணில் சொட்டுகளாக விட்டால், நோயாளி விழித்திருக்கும்போதே கண் அறுவை சிகிச்சை செய்யலாம் என்று காட்டினார். சிறிது காலத்திலேயே அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் அதை நரம்பின் அருகே செலுத்தி, உடலின் ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்தார். ஆனால் தம் மீதே சோதித்துப் பார்த்த அவர் கொக்கேய்னுக்கு அடிமையாகிப் பெரிதும் துன்பப்பட்டார். அடிமைப்படுத்தாத மருந்தைத் தேடியவர்களின் உழைப்பால் புதிய மருந்துகள் பிறந்தன. இன்று பல் மருத்துவமனைகளில் அதிகம் பயன்படும் லிக்னோகைன், 1943இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரன் உருவாக்கியது.

ஊசி போடும் அறையில்

இனி, நோயாளி என்னென்ன எதிர்பார்க்கலாம் என்று பார்ப்போம்.

முழு மயக்கம் இல்லை என்றாலும் பொதுவாக வெறும் வயிற்றோடுதான் போக வேண்டும். தடுப்பு ஊசி போதாமல் போனால் முழு மயக்கம் கொடுக்க நேரலாம். அப்போது வயிற்றில் உணவு இருந்தால் அது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. ஒவ்வாமை, இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, ஏற்கெனவே உள்ள கை கால் மரப்பு ஆகியவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அறைக்குள் போனதும் பெயரையும், எந்தக் கை என்பதையும் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். "இத்தனை முறை கேட்கிறார்களே, இவர்களுக்கே தெரியாதா?" என்று அம்மா முணுமுணுத்தாராம். தவறான பக்கத்தில் ஊசி போட்டுவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. பிறகு இதயத்துடிப்பு, இரத்த அழுத்தம், உயிர்வளி அளவு ஆகியவற்றைக் காட்டும் கருவிகளைப் பொருத்துவார்கள்.

அடுத்து வருவது மீயொலிக் கருவி. நம் காது கேட்கக்கூடிய உச்ச அளவு நொடிக்கு 20,000 அதிர்வுகள். இந்தக் கருவியோ நொடிக்கு ஏறத்தாழ 10 மில்லியன் அதிர்வுகள் கொண்ட ஒலியை அனுப்பி, எதிரொலியைப் படமாக மாற்றுகிறது. திரையில் இரத்தக் குழாய் கறுப்பு வட்டமாகத் துடிக்கும். நரம்புகள் தேன்கூட்டின் கண்களைப் போலத் தெரியும். ஊசி நுனி போவதைத் திரையில் பார்த்துக்கொண்டே மருத்துவர் மருந்தைச் செலுத்துவார். ஊசி நரம்பைக் குத்துவதில்லை. நரம்பைச் சுற்றித்தான் மருந்து நிரப்பப்படுகிறது. முதலில் ஒரு சிறு குத்தல், பிறகு ஓர் அழுத்தம். திடீரென்று மின்சாரம் பாய்ந்ததுபோல விரல் வரை உணர்ந்தால் உடனே சொல்ல வேண்டும். ஊசி நரம்பை நெருங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

"என் கையை யார் தூக்கிப் பிடிச்சிருக்கா?"

மருந்து உடனே வேலை செய்யாது. 10 முதல் 30 நிமிடம் வரை ஆகலாம். பொதுவாக முதலில் கை வெதுவெதுப்பாகும். இரத்தக் குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும் மிக நுண்ணிய இழைகள் தடைபடுவதால் குழாய்கள் விரிந்து இரத்தம் கூடுதலாக ஓடுவதே காரணம். பிறகு வலியும் சூடு குளிர்ச்சியும் மறையும். அடுத்துத் தொடு உணர்வு. கடைசியில் கை கனத்துப்போய் அசைக்க முடியாமலாகும். மருத்துவர் பனிக்கட்டியை வைத்து, "குளிர்கிறதா?" என்று கேட்டுச் சோதிப்பார். குளிர் தெரியாத இடத்தில் வலியும் பெரும்பாலும் தெரியாது. யாரோ தொடுவதோ இழுப்பதோ மட்டும் மங்கலாகத் தெரியலாம்.

அம்மாவுக்கு நேர்ந்த வேடிக்கை இதுதான். அவருடைய கையை மேலே தூக்கி மருந்து தடவியபோது உணர்வு முழுமையாகப் போய்விட்டது. பிறகு கையைப் பக்கவாட்டில் கிடத்திய பின்னரும், "என் கையை யார் தூக்கிப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டாராம். கண்ணை மூடிக்கொண்டாலும் நம் கை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும். தசைகளும் மூட்டுகளும் இடைவிடாமல் மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அந்தச் செய்தி நின்றால், மூளை கடைசியாக அறிந்த நிலையையே பிடித்துக்கொள்ளும்.

ஆபத்தே இல்லையா?

எந்த மருத்துவ முறைக்கும் ஆபத்து உண்டு. காறை எலும்பருகே போடும்போது சிலருக்குக் கண்ணிமை தொங்கும், குரல் கம்மும், மூச்சு குறைவதுபோல் இருக்கும். பக்கத்து நரம்புகளுக்கும் மருந்து பரவுவதே காரணம், அது தெளிந்ததும் சரியாகிவிடும். மருந்து தவறி இரத்தத்தில் அதிகம் கலந்தால் வாயைச் சுற்றிக் கூச்சம், நாவில் உலோகச் சுவை, காதில் இரைச்சல் வரலாம். இவை உடனே சொல்ல வேண்டிய அறிகுறிகள். நரம்பு பாதிக்கப்பட்டு உணர்வு குறைவது சிலருக்கு நேர்ந்தாலும், பெரும்பாலும் நாட்களிலோ வாரங்களிலோ குணமாகிவிடும். நிரந்தரப் பாதிப்பு மிக அரிது.

மறுபக்கம், முழு மயக்கத்தால் வரும் குமட்டலும் தொண்டை வலியும் குறைகின்றன. இதயமும் நுரையீரலும் பலவீனமானவர்களுக்கு இது பெரிய உதவி. சிறுநீரகம் செயலிழந்து, இரத்தச் சுத்திகரிப்புக்காகக் கையில் இரத்தக் குழாய்களை இணைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொள்பவர்கள் பலருக்கும் இந்த ஊசியே போடப்படுகிறது.

இரவு 2 மணி

அன்று மாலையே அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். சிரித்துப் பேசிக்கொண்டு இடது கையால் கரண்டி பிடித்துக் கஞ்சி குடித்தார். வலி மாத்திரைகளை நேரம் தவறாமல் கொடுக்கும்படி தாதி சொல்லியிருந்தார். "வலிக்கவே இல்லையே, எதுக்கு மாத்திரை?" என்றார் அம்மா. அறிவியல் ஆசிரியையான நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

இரவு 2 மணிக்கு அம்மாவின் அலறல் கேட்டு எழுந்தேன். மருந்து தெளிந்துவிட்டது. முறிந்த எலும்பு, துளையிட்டு முடுக்கிய திருகுகள், வெட்டிய தசை என எல்லாவற்றின் செய்தியும் ஒரே நேரத்தில் மூளைக்கு வந்து சேர்ந்தது. அதன் பிறகு கொடுத்த மாத்திரை வேலை செய்ய வெகுநேரம் ஆனது. விடியும்வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைத் தவிர என்னால் வேறெதுவும் செய்ய முடியவில்லை.

நான் வகுப்பில் கற்பிப்பதை வீட்டில் மறந்துவிட்டேன்: தடுக்கப்பட்டது செய்தி மட்டுமே, காயம் அல்ல. கை மரத்திருந்த அத்தனை மணி நேரமும் காயத்தில் வீக்கம் உருவாகிக்கொண்டுதான் இருந்தது. தடுப்பு விலகும் முன்னரே மாத்திரை இரத்தத்தில் இருக்க வேண்டும். மருந்தைப் பொறுத்துத் தடுப்பு சில மணி நேரத்தில் தெளியலாம், 12 மணி நேரத்தைத் தாண்டியும் நீடிக்கலாம். எப்போது தெளியும், மாத்திரையை எப்போது தொடங்க வேண்டும் என்பதை வீடு திரும்பும் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மரத்த கைக்கு நாமே காவல்

வலி நம் காவல்காரன். அவன் உறங்கும் நேரத்தில் அந்த வேலையை வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டும்.

• கையைத் துணிக்கட்டில் தாங்கி வைக்க வேண்டும். தொங்கவிட்டால் கதவிலும் சுவரிலும் மோதுவது தெரியாது.
• சூடான தேநீர், அடுப்பு, வெந்நீர் ஒத்தடம் ஆகியவற்றை அருகில் கொண்டுவரக் கூடாது. சுட்டாலும் தெரியாது.
• தூங்கும்போது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளாமல் தலையணை வைக்க வேண்டும்.
• விரல்கள் நீலமாகவோ வெளிறியோ போனாலும், மாவுக்கட்டு இறுகி வீங்கினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.
• உணர்வு முழுமையாகத் திரும்பும்வரை வாகனம் ஓட்டக் கூடாது.
• மருத்துவர் சொன்ன நேரத்தைத் தாண்டியும் மரப்பு நீடித்தாலோ, மூச்சுத்திணறல் வந்தாலோ காத்திருக்கக் கூடாது.

அம்மாவின் கை இப்போது நன்றாக இருக்கிறது. போன வாரம் அந்தக் கையால்தான் ரொட்டிக்கு மாவு பிசைந்தார். அவருடைய முதல் கேள்விக்கு அதுவே பதில். இரண்டாவது கேள்விக்கு? முன்னால் ஒரு திரையைத் தொங்கவிட்டு, லேசாகத் தூக்கம் வர மருந்தும் கொடுத்தார்களாம். "எப்ப வெட்டினாங்கன்னே தெரியல" என்கிறார். ஆனால் அந்த 2 மணியை மட்டும் அவரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

சிந்தித்துப் பாருங்கள்

1. பல் பிடுங்கிய சிறுவர்களை உதடு மரத்திருக்கும்வரை எதையும் மெல்ல வேண்டாம் என்பது ஏன்?
2. நீண்ட நேரம் சம்மணமிட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது. அதற்கும் நரம்புத் தடுப்பு ஊசிக்கும் உள்ள ஓர் ஒற்றுமையையும் ஒரு வேற்றுமையையும் எழுதுக.