அலுவலகக் கதிரையும் கீழ்முதுகும்

கீழ்முதுகில் ஐந்து முள்ளெலும்புகள் உள்ளன. நிற்கும்போது இவை வயிற்றுப்புறமாகச் சற்றே வளைந்திருக்கும். மேலுடலின் பாரத்தை இடுப்பெலும்புக்கு இறக்குவதில் இந்த வளைவுக்குப் பெரும் பங்கு உண்டு. கதிரையில் உட்கார்ந்ததும் தொடைகள் மடங்கி, அவற்றின் பின்புறத் தசைகள் இழுபட, இடுப்பெலும்பு பின்னோக்கிச் சரிகிறது. அதனுடன் வளைவும் தட்டையாகி முதுகு கூனுகிறது. முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் முன்பக்கம் நசுங்குகின்றன. பின்பக்கத் தசைகளும் நார்களும் மணிக்கணக்கில் இழுபட்டபடியே இருக்கின்றன. மாலையில் எழும்பும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் வலிக்கு இந்த இழுவையும் ஒரு காரணம்.

அமெரிக்க மருத்துவர் கீகன் 1953இல் எக்ஸ்ரே படங்களின் மூலம் இதைக் காட்டினார். தொடைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள கோணம் குறையக் குறைய வளைவு தட்டையாவது அவற்றில் தெரிந்தது. சுவீடனில் நாக்கெம்சன் 1960களில் வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். தாங்கல் இல்லாமல் உட்காரும்போது, நிற்பதைவிட அழுத்தம் கூடுவதாக அவர் கண்டார். சாய்மானத்தைப் பின்னே சரிப்பதும் கீழ்முதுகுக்குத் தாங்கல் வைப்பதும் அந்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று 1970களில் அண்டர்சன் குழுவினர் அளந்து காட்டினர். 1999இல் ஜெர்மனியில் வில்கே குழுவினர் ஒரு தன்னார்வலரிடம் எடுத்த அளவுகளில், நிற்பதற்கும் உட்காருவதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் முன்னே நன்றாகக் குனிந்தபோது அழுத்தம் வெகுவாக ஏறியது. சாய்மானத்தில் தளர்ந்து சாய்ந்தபோது இறங்கியது. அளவுகள் வேறுபட்டாலும் பாடம் ஒன்றுதான்: உடலின் பாரத்தில் ஒரு பங்கைச் சாய்மானம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்தப் பாடம் தேவைப்படுவோர் இலங்கையின் மாத்தளை மாவட்டத்திலும் பலர். இங்கு 11 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. இவற்றோடு மாத்தளை நகரின் கச்சேரி, வங்கிகள், இரத்தோட்டை, உக்குவளைப் பக்கத்துத் தோட்டக் கந்தோர்கள், 1999இல் தொடங்கிய தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தின் கணக்கு மேசைகள் என்று, கதிரையிலேயே பொழுது கழியும் வேலைகள் பல. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் சாதாரண வேலை நேரத்தை நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வரையறுக்கிறது. அதில் பெரும்பகுதியைக் கதிரையில் கழிப்பவருக்கு அந்தக் கதிரையின் பொருத்தம் சிறிய விடயமல்ல.

புழக்கத்திலுள்ள கதிரைகளை மூன்று வகையாகப் பார்க்கலாம். பழைய மரக் கதிரைகள், பிரம்பு பின்னியவை உட்பட, பெரும்பாலும் நேரான, தட்டையான சாய்மானம் கொண்டவை. இடுப்புக்குப் பின்னே வெற்றிடம் விழும். பிளாஸ்டிக் கதிரையின் சாய்மானம் உட்குழிந்திருப்பதால் முதுகு அந்தக் குழிக்குள் சுருளும். சுழல் கதிரைகள் பலவற்றில் கீழ்முதுகுக்கென ஒரு மேடு இருக்கும். உயரமானவர்களின் அளவுக்குச் செய்த கதிரையானால், குள்ளமானவருக்கு அந்த மேடு இடுப்பில் படாமல் விலா எலும்பில் குத்தும்.

தாங்கல் வாங்குவதற்கு முன் இருக்கையைச் சரிசெய்வதே முறை. பாதங்கள் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். முழங்கால் இடுப்பின் மட்டத்திலோ சற்றுக் கீழோ இருக்க வேண்டும். மேசை உயரமாக இருந்து கதிரையை உயர்த்த நேர்ந்தால், பாதங்களுக்கு அடியில் ஒரு பலகை வைக்கலாம். பின்னே நன்றாக ஒட்டி உட்கார்ந்த பிறகு, இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் இடைவெளி இருப்பது நல்லது. இருக்கை அதைவிட ஆழமாக இருந்தால், முதுகுக்குப் பின்னே வைக்கும் தாங்கல் அந்த ஆழத்தையும் குறைத்துக் கொடுக்கும்.

அடுத்தது தாங்கலின் இடம். பலருக்கு இது இடுப்புப்பட்டி கட்டும் மட்டத்திலோ சற்று மேலோ, அதாவது உட்கார்ந்து அமுங்கிய இருக்கையிலிருந்து 15 முதல் 25 சென்ரிமீற்றர் உயரத்தில் அமையும். அதற்குக் கீழே பிட்டம் பின்னே போக இடம் விட வேண்டும். அமுங்கிய நிலையில் 3 முதல் 5 சென்ரிமீற்றர் தடிப்புப் போதும். உடல் முன்னே வழுக்கிக்கொண்டு வந்தால் தாங்கல் தடித்துவிட்டது அல்லது தாழ்ந்துவிட்டது. விலாவில் அழுத்தினால் உயர்ந்துவிட்டது. சாய்மானத்தைச் சரிக்க முடியுமானால், இருக்கையிலிருந்து 100 முதல் 110 பாகை வரை சரிப்பது ஏற்றது. பதிவேடும் கணினித் திரையும் எட்டாத தூரத்தில் இருந்தால் முதுகு சாய்மானத்தை விட்டு முன்னே போய்விடும். ஆகவே அவற்றை அருகில் இழுத்துக்கொள்வதும் தாங்கலைப் பொருத்துவதன் ஒரு பகுதியே.

சரியான அளவை அறியச் செலவு தேவையில்லை. ஒரு துவாயை இறுக்கிச் சுருட்டி, இரு முனைகளையும் கட்டிச் சாய்மானத்தில் பொருத்தி, சில நாள் உட்கார்ந்து பார்க்கலாம். அவிழ்த்தும் கூட்டியும் உடலுக்கு இதமான தடிப்பைக் கண்டபின் நிரந்தரத் தாங்கலைத் தேடலாம். மாத்தளையில் இலவமும் இறப்பரும் வளர்கின்றன. இலவம்பஞ்சு மென்மையானது, ஆனால் நாளடைவில் அமுங்கிக் கட்டிபடும். அவ்வப்போது உதறி வெயிலில் காயவைக்க வேண்டும். தென்னந்தும்பு காற்றோட்டம் தரும், சற்று விறைப்பாக இருக்கும். இறப்பர் பாலில் செய்த நுரை அமுங்கி மீளும் தன்மையை நீண்ட நாள் காக்கும். மலிவான ஸ்பொஞ்ச் விரைவில் தளர்ந்துவிடும். தம்புள்ளைப் பக்கத்து வெப்பத்தில் ரெக்சின் உறை வியர்க்கவைக்கும் என்பதால், கழுவக்கூடிய பருத்தி உறையோ வலைச் சாய்மானமோ நல்லது. எதுவானாலும், நழுவாதபடி பட்டியால் கட்டப்பட வேண்டும்.

எவ்வளவு பொருத்தமான தாங்கலும் அசையாமல் இருப்பதன் தீங்கைப் போக்காது. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்பி நிற்பதும், கோப்பு எடுக்கத் தாமே நடப்பதும், தொலைபேசியை நின்றபடி பேசுவதும் முதுகுக்கு நன்மை தரும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020இல் உலகில் 61 கோடியே 90 இலட்சம் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது ஒரு குறிப்பிட்ட நோயால் வந்ததல்ல. எனினும் வலியோடு கால் மரத்தல் அல்லது வலுவிழத்தல், சிறுநீர், மலக் கட்டுப்பாடு தளர்தல், காய்ச்சல், காரணமற்ற எடைக் குறைவு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், விழுந்து அடிபட்ட பின் வலி தொடங்கினாலும், கதிரையை மாற்றிப் பார்த்துக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.